ஏசுபாதத்தின் நிழலில் காய்ந்த தோல்

செம்மடைப்பேட்டையில் ஏசுபாதத்தின் நிழலுக்கு நேரம் ஒதுக்கிக் கரும்பலகையில் எழுதிப் போட்ட அந்த வருஷத்தில்தான், இருபத்திரண்டு வருஷமாகத் தோலுக்குச் சாயம் ஏற்றிக் கட்டையில் இழுத்துப் பழகிய அவன் கைகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது, அனுபவித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றுப் பாலம் இறங்கினதும் இடது கைப் பக்கம் இருப்பது கோதண்டபாணி முதலாளியின் பூட்ஸ் பட்டறை. பேருக்குத்தான் பட்டறை, பாதிக்கு மேல் கூரையில்லாத முற்றம். காலையில் தோலுக்குச் சாயம் பூசுவார்கள், பூசின கையோடு முற்றத்தில் விரித்து வெயிலில் காய வைப்பார்கள், மத்தியானம் விறைத்துப்போன அந்தத் தோலை எடுத்து, கால் போலவே செதுக்கிய மரக்கட்டையின் மேல் போட்டுக் குறட்டால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து ஆணி அடிப்பார்கள். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இழுத்த இழுப்பில் விரல் மடிகிற இடத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம் கேட்கும். பத்து ஜோடிக்கு நாலு ஜோடி அந்தச் சத்தத்தோடு போய்விடும். முதலாளி உடனே ஏசுபாதத்தைத்தான் பார்ப்பார், அவன் வெயிலைப் பார்ப்பான்.

தோல் ஏன் வெடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதியே வைத்திருந்தான். முதல் நாளே ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும், சாயத்தை ஒரே தடவையாக அப்பாமல் மெல்லிசாக மூன்று தடவை பூச வேண்டும், ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் வெதுவெதுப்பான விளக்கெண்ணெய் தேய்க்க வேண்டும், ஈரம் இருக்கும்போதே கட்டையில் போட்டு அரிசி மணி அளவு இழுத்து, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி அரிசி மணி அளவு இழுக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து மூன்று நாள் நிதானமாக நடக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"மூணு நாளா?" என்பார் முதலாளி. "ஏம்பா, ஆர்டர் குடுத்தவன் இன்னா உனுக்கு மாமனா மச்சானா, மூணு நாள் ஒக்காந்துக்கினு இருக்கறதுக்கு?"

ஒரு தடவை சாக்கை வெட்டுவார், ஒரு தடவை எண்ணெயை வெட்டுவார், ஒரு தடவை மூன்று பூச்சை ஒன்றாக்குவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு ஜோடியைக்கூட அவன் நினைத்த மாதிரி முதலிலிருந்து கடைசி வரை செய்ய விட்டதில்லை. செய்து பார்த்துத் தப்பாகப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். செய்யவே விடாமல், வெடித்ததற்கு மட்டும் திட்டு வாங்கினால் மனுஷனுக்கு எரிச்சல் வருமா வராதா?

அப்படி எரிச்சல் தலைக்கேறின ஒரு பங்குனி மாதக் காலை, ஒன்பது மணி வெயிலில், கையில் குறட்டோடு முற்றத்தின் நடுவில் நின்று முதலாளியிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டான். அவன் நிழல் தரையில் விரித்திருந்த காவிச் சாயத் தோல் ஒன்றின் மேல் விழுந்து கிடந்தது. மத்தியானம் அந்தத் தோலை எடுத்து வளைத்தால், ஓரமெல்லாம் கோடை ஏரி மாதிரி வெடித்துப் பாளம் பாளமாக விரிந்தது. ஆனால் நட்ட நடுவில் ஒரு தலை, ஒரு காது, இரண்டு தோள், தூக்கிய ஒரு கை, அந்தக் கையில் ஒரு குறடு, அத்தனையும் வெடிக்காமல் வெண்ணெய் பதத்தில் இருந்தது. பட்டறையே கூடி நின்று பார்த்தது. முதலாளி குனிந்து அந்தக் காதைத் தடவிப் பார்த்தார், குறட்டைத் தடவிப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"நாளைக்கும் அங்கியே நில்லு" என்றார்.

மறுநாள் வாட்ச்மேனை நிற்க வைத்துப் பார்த்தார்கள், தோல் வெடித்தது. தோல் வெட்டுகிறவனை நிற்க வைத்தார்கள், வெடித்தது. முதலாளியே அரை மணி நேரம் வியர்த்து ஒழுக நின்று பார்த்தார், அது எல்லாவற்றையும்விட மோசமாக வெடித்தது. குடை பிடித்தும் பார்த்தாயிற்று, கீற்றுப் போட்டும் பார்த்தாயிற்று. ஏசுபாதத்தின் நிழல் பட்ட இடம் மட்டும் வெடிக்கவில்லை, பழைய வெடிப்பு இருந்தாலும் மெல்லக் கூடி மூடிக்கொண்டது. ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஒருத்தருக்குக் கைராசி இருக்கும், ஒருத்தருக்கு நாக்கு பலிக்கும், இவனுக்கு நிழல் என்று சொல்லிவிட்டு, அவரவர் வீட்டில் வெடித்துக் கிடந்த தோல் சாமானைத் தேட ஆரம்பித்தார்கள்.

பத்தே நாளில் பட்டறை வாசலில் கரும்பலகை வந்துவிட்டது. நிழல் நீளமாக இருக்கிற ஏழிலிருந்து ஒன்பது வரை சோபா உறை, பஸ் சீட்டு. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பட்டறையின் பூட்ஸ் தோல். நிழல் குறுகிப்போகிற பதினொன்றுக்கு மேல் பெல்ட்டு, பர்ஸ், கடிகார வார். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குள் புகுந்துவிடுவதால் அப்போது சாப்பாடு. மேகம் மூடினால் விடுமுறை. சப்-இன்ஸ்பெக்டரின் பெல்ட்டு வந்தது, சர்ச்சிலிருந்து பைபிள் உறை வந்தது, பஜனை மடத்திலிருந்து ஆர்மோனியத் துருத்தி வந்தது, பள்ளிக்கூடத்துக் கால்பந்து ஏழு வந்தது. குதிகால் வெடித்த பொம்பளைகள் வந்து நிழல் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பாகத் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேரை யாரோ கூட்டி வந்து நிழலுக்குள் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அவர்கள் வியர்த்துப்போய் வீட்டுக்குப் போய் அன்று சாயங்காலமே அடித்துக்கொண்டார்கள். குதிகாலும் கூடவில்லை. தோலுக்கு மட்டும்தான் என்று ஊர் புரிந்துகொண்டது.

மேலத்தெருக்காரர்கள் அதுவரை, தைத்த செருப்பைக் கொல்லைப்பக்கக் கதவில் வைத்துவிட்டுப் போகச் சொன்னவர்கள், இப்போது அவனை முன்வாசலுக்குக் கூப்பிட்டார்கள். எங்கே நின்றால் நிழல் சரியாக ஊஞ்சல் மெத்தையில் விழும் என்று பார்த்து, சுண்ணாம்பால் வட்டம் போட்டு அதற்குள் நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் கேட்டால் மட்டும் பேப்பர் கப்பில் வந்தது.

நிழலை அகலமாக்க முதலாளி தன் வீட்டிலிருந்து நெய் விட்ட சோறும் ஆட்டுக்கறியும் தினம் அனுப்பினார். முடி வெட்டக் கூடாது என்று சலூன்காரரிடம் சொல்லி வைத்தார். இரண்டு கையையும் விரித்து நிற்கச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். ஒரு நாள் நின்று நின்று கால் கடுத்து, சும்மா இருக்க முடியாமல், கீழே கிடந்த தோலின் ஓரத்தில் சாயம் திட்டாக நிற்கிறதே என்று குனிந்து துணியால் துடைத்தான்.

"கைய வைக்காத!" என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தார் முதலாளி. "நீ குனிஞ்சா நெழல் சுருங்குது பாரு. உன் வேலை நிக்கறது. கை வேலைக்கு ஆயிரம் பேர் கீறான்."

அன்றைக்கு அவன் வாங்கின அடி அதுதான். ஆயிரம் பேர் கீறான் என்றது அவனை ராத்திரியெல்லாம் புரட்டிப் போட்டது.

அவன் மனைவி ராகேலு வீட்டிலேயே பூட்ஸ் மேல்தோல் தைக்கிறவள், வாய் ஓயாதவள். "இன்னாயா உனுக்குக் கொறச்சல்? ஊரே உன் நெழலுக்கு லைன்ல நிக்குது. முன்னெல்லாம் நாள் பூரா குனிஞ்சி முதுகு ஒடைஞ்சி வருவ. இப்ப நின்னுக்கினே சம்பளம்" என்றாள்.

"செவுரு கூடத்தான் நின்னுக்கினே கீது. அதுக்குச் சம்பளம் குடுப்பியா? என் கைக்கு இன்னா தெரியும்னு ஒரு நாயும் கேக்கலியேடி."

"கேக்கலைன்னா சொல்லு."

"எப்டிச் சொல்றது? நான் எதத் தொட்டாலும் என் நெழலும் சேந்துதான் விழுது. வெடிக்காம இருந்தா நெழலுன்றானுங்க. என் கையாலன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சிக்கவே முடியாது. அதான் என்னைக் கொல்லுது."

ராகேலு ஊசியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

இதற்குள் பட்டறையில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. எப்படியும் நிழல் பார்த்துக்கொள்ளும் என்று ஆகிவிட்டதால், கொஞ்சநஞ்சம் தண்ணீர் தெளித்தவனும் தெளிப்பதை விட்டான், எண்ணெய் தேய்த்தவனும் விட்டான். சாயத்தை வாளியோடு கவிழ்த்தார்கள். கட்டையில் கோணலாகப் போட்டு மாட்டை இழுப்பதுபோல இழுத்தார்கள். தோல் வெடிக்கவில்லை. பத்துக்குப் பத்து ஜோடியும் பளபளவென்று வெளியே போயிற்று. போட்டவன் கால்தான் போயிற்று.

தபால்கார தில்லைநாயகிதான் அதை முதலில் வந்து சொன்னவள். அவளுக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. ஒரு பக்கம் தடித்த அடித்தோல் வைத்து, காலுக்குத் தகுந்த மாதிரி வளைத்த பூட்ஸ் இருந்தால்தான் நடக்க முடியும். தினம் பாலம் ஏறி இறங்கி நாலு கிராமத்துக்குத் தபால் கொடுக்கிறவள். ஒரு நாள் பதினோரு மணிக்கு, பெல்ட்டும் பர்ஸுமாக விரித்துப் போட்டிருந்த முற்றத்தில் வந்து, கைவிரித்து நின்றவன் எதிரே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். சுண்டு விரலோரம் சதை பிய்ந்து ரத்தம் உறைந்திருந்தது.

"வெடிக்கல அண்ணே. ஒரு கோடு கூட இல்ல. கால மட்டும் கடிச்சித் துன்னுது" என்றாள். "நேத்து பாதி தபாலோட திரும்பி வந்துட்டேன். பத்து நாள்ல சரியா நடக்கலன்னா என் லைனை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு போஸ்ட்மாஸ்டர் சொல்லிட்டாரு. வேலை போனா நான் எங்க போவேன்? நீ செஞ்சி குடு."

"என்னைத் தோலத் தொடவே உடமாட்றாங்கம்மா."

"உன் கைய இன்னா அடமானமா வாங்கி வச்சிருக்காங்க? எனக்கு உன் நெழல் வேணாம். எனக்கு பூட்ஸ் வேணும்."

ஆறு மாதத்தில் நிழல் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள். ஏசுபாதம் நீட்டியிருந்த இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டு, கால் அளவு எடுக்க அவள் முன்னால் உட்கார்ந்தான்.

இந்த ஜோடியை முழுக்க முழுக்கத் தன் நோட்டுப்படி, தன் நிழல் படாமல் செய்துவிடுவது என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டு உள்ளறையின் ஜன்னலைச் சாக்கால் அடைத்தான், கதவிடுக்கில் துணி திணித்தான். வெளிச்சம் இல்லாத இடத்தில் நிழல் ஏது? கைக்குத்தான் வழி தெரியுமே, கண் எதற்கு? குஷியாகத் தோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனவனை ராகேலு வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"யோவ், இருட்டுல உன் நெழல் இல்லைன்னு யார் சொன்னது? ரூம்பு பூரா நெழலுதானே கீது. அதுல உன்னுது எது, செவுத்துது எதுன்னு எப்டிப் பிரிப்ப?"

ஏசுபாதம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "உன் வாய்ல மண்ணு விழ" என்று திட்டினான். ஆனால் அவள் சொன்னது சரி. மரத்தடியில் உட்கார்ந்தாலும் அதேதான், கூரைக்குக் கீழே உட்கார்ந்தாலும் அதேதான். நிழல் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், அது நல்ல வெயில். சூரியனைப் பார்த்து உட்கார்ந்தால் நிழல் முதுகுக்குப் பின்னால் போய்விடும், தோல் முன்னால் இருக்கும். தோலுக்கு வெயில் எமன் என்று நாற்பது பக்கம் எழுதினவன் அந்த வெயிலிலேயே வைத்துச் செய்தாக வேண்டும். சனியன் பிடித்த நிழலே என்று தலையில் அடித்துக்கொண்டு, தோலை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, சோபா உறையோடு காத்திருந்த ஜனம் பார்க்க, தன் வழக்கமான இடத்தில் நிற்காமல், முற்றத்தின் நடுவில் கிழக்கே பார்த்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மெல்லிசாக ஒரு பூச்சு. எண்ணெய். ஈரத் துணியால் ஒரு ஒற்றல். வெயில் உறிஞ்ச உறிஞ்ச இவன் ஒற்றிக்கொண்டே இருந்தான். மறுபடி ஒரு பூச்சு. கண்ணில் வெயில் குத்தித் தண்ணீர் வழிந்தது. சூரியன் மேற்கே சாய்ந்ததும் மேற்கே பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். முதலாளி வந்து கத்தினார், கெஞ்சினார், நெய்ச்சோற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவன் நிமிரவேயில்லை.

இரண்டாம் நாள் கட்டையில் போட்டான். குறட்டால் அரிசி மணி அளவு இழுத்தான், விட்டான், இழுத்தான், விட்டான். மூன்று மணி வாக்கில், விரல் மடிகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பின்னால் நின்ற கூட்டமும் பார்த்துவிட்டது.

"ஏசு, திரும்பி ஒக்காருப்பா! ஒரு நிமிசம் நெழல் பட்டா போதும், கூடிடும்!"

"பொம்பள கால் விசயம்யா, வீம்பு பண்ணாத!"

திரும்பினால் போதும். முதுகுக்குப் பின்னாலேயே கிடந்தது அந்த நிழல், கைக்கெட்டும் தூரத்தில். ஆடாமல் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, அழுகை முட்டிக்கொண்டு வர. பிறகு அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அரை நாள் வேலையை அவிழ்த்தான். ஈரத் துணியை அந்தக் கோட்டின் மேல் வைத்து, எண்ணெய் தொட்ட கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, முதலிலிருந்து இழுக்கத் தொடங்கினான். கோடு மறைந்தது. மறைந்ததா, ஒளிந்துகொண்டதா என்று அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காய்ந்தது. நாலாம் நாள் காலை அடித்தோல் வைத்துத் தைத்து முடித்தபோது தில்லைநாயகி தபால் பையோடு வந்து நின்றாள். பூட்ஸை மாட்டினாள். விரலூன்றி எம்பி, விரல் மடிகிற இடத்தை நன்றாக மடித்தாள். ஒரு தரம், இரண்டு தரம், பத்துத் தரம். ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டான். 'பட்' வரவில்லை. அடுப்படியில் பால் பொங்கினதுபோல அவனுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கி வந்தது.

"கை நெழல்!" என்றான் கூட்டத்தில் ஒருத்தன். "வேலை செய்யச் சொல்லோ கையோட நெழல் தோல்மேல விழுந்துச்சி இல்ல? நான் பாத்தேன்!"

"ஆமா, விழுந்துச்சி விழுந்துச்சி!" என்றது கூட்டம். "அதானே பாத்தேன்."

ஏசுபாதம் "கை வேலை செஞ்சா கையோட நெழல் விழாம இன்னாடா விழும்?" என்று கத்தினான். குறட்டைத் தரையில் ஓங்கி அடித்தான். நாலு நாள் வெயில், நாற்பது பக்கம், இருபத்திரண்டு வருஷம், எல்லாம் மறுபடி அந்தக் கறுப்புக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இவர்களிடம் என்ன சொல்லி, எதைக் காட்டி, எப்படி நிரூபிப்பது?

தில்லைநாயகி பூட்ஸ் காலோடு முற்றத்தைக் குறுக்கே ஒரு சுற்று நடந்து வந்தாள்.

"நெழல் பட்ட பூட்ஸ் மூணு ஜோடி போட்டுட்டேன். ஒண்ணும் வெடிக்கல, மூணும் கடிச்சுது. இது கடிக்கல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "கை எது, நெழல் எதுன்னு என் காலுக்குத் தெரியும். நீங்க வேணா உங்க கால வச்சிப் பாருங்க." பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் போனாள். அவள் ஏறுவதை ஏசுபாதம் பார்த்துக்கொண்டே இருந்தான். நொண்டினாள், எப்போதும் நொண்டுகிற அளவுக்குத்தான்.

பட்டறை ஆட்கள் இரண்டு பேர் தங்கள் காலில் கிடந்த பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஏசுபாதம் குறட்டைப் பொறுக்கி எடுத்து மண்ணைத் தட்டினான். முந்தின நாளே சுற்றி வைத்திருந்த ஈரச் சாக்கிலிருந்து அடுத்த தோலை உருவினான், கிழக்கே பார்த்து உட்கார்ந்தான், சாயத்தில் துணியை நனைத்துப் பூச ஆரம்பித்தான்.

முதலாளி கோதண்டபாணி அவசர அவசரமாக வந்து அவன் எதிரில் நின்றார். "ஏசுபாதம், சரிப்பா, ஒத்துக்கறேன், கைராசிக்காரன்தான் நீ. எழுந்து வந்து நில்லு. ரெண்டு லாரி சீட்டு வந்து எறங்கியிருக்கு. ஊர்ப் பெரியவங்க வந்து காத்துக்கினு கீறாங்க. இந்த ஒரு வாரம் நில்லு, அப்பறம் பேசிக்கலாம்."

ஏசுபாதம் தோலைப் பார்த்தான். முதல் பூச்சு எங்கே மெல்லிசு, எங்கே திட்டு என்று தெரியவில்லை. முதலாளியின் தலையும் தோளும் அதன் மேல் கறுப்பாகக் கிடந்தன.

"மொதலாளி" என்றான், நிமிராமலே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நெழல் விழுது."

முற்றத்தில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கோதண்டபாணி கீழே பார்த்தார், தன் நிழலைப் பார்த்தார்.

பிறகு தள்ளி நின்றார்.